விளக்குக்கு வரி, நிலத்துக்கு விலக்கு

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே பொதுத் தேர்தல் நடைபெறும் வேளைகளில், அங்குள்ள சில நகரங்களின் வாக்குச்சீட்டுகளில் ஒரே மாதிரியான வினாவொன்று மீண்டும் மீண்டும் இடம்பெற்று வருகின்றது. மின்சாரம், எரிவாயு, தண்ணீர், தொலைபேசி முதலியவற்றைப் பாவிப்போர் தம் மாதக் கட்டணத்தோடு சேர்த்து நகரசபைக்குச் செலுத்திவரும் வரியொன்று குறித்த ஆண்டுடன் காலாவதியாகின்றது. பொலிஸ், தீயணைப்பு, நூல்நிலையம், பூங்கா, வீதிப் பராமரிப்பு ஆகிய சேவைகளைக் குறைவின்றி நடத்தும் பொருட்டு அவ்வரியை மேலும் சில ஆண்டுகளுக்கு நீடிக்கலாமா என்பதே அவ்வினா. ஆம் அல்லது இல்லை என்று நகர மக்கள் விடையிறுத்தல் வேண்டும்.

மேலோட்டமாக நோக்குவோர்க்கு இஃது ஓர் உள்ளூர்க் கணக்குவழக்காகவே தோன்றும். ஆயின், இவ்வினாவுக்குள்ளே நூறாண்டுக்கு மேற்பட்ட வர்க்கப் போராட்டத்தின் வரலாறு மடிந்து கிடக்கின்றது. உலகின் மிகப்பெரிய செல்வம் குவிந்துள்ள நாடுகளுள் ஒன்றில், தீயணைப்பு வண்டி ஓடுவதும் நூல்நிலையத்தின் கதவு திறப்பதும் ஏழை ஒருவன் தன் வீட்டில் ஏற்றும் விளக்கின்மீது விதிக்கும் வரியை நம்பியிருக்க நேர்ந்தது எவ்வாறு? அவ்வரியைத் தொடரலாமா என்று சில ஆண்டுகளுக்கொருமுறை அவனிடமே கேட்கும் நிலை எவ்வாறு தோன்றிற்று? இவற்றுக்கு விடை காண்பதே எமது நோக்கம்.

சிட்டையில் ஒரு வரி

முதலில் இவ்வரியின் இயல்பை விளங்கிக் கொள்வோம். இதனைப் பொதுப்பயன் பாவனையாளர் வரி எனலாம். கலிபோர்னியாவிலுள்ள 480க்கு மேற்பட்ட நகரங்களுள் ஏறத்தாழ 150 நகரங்கள் இதனை அறவிடுகின்றன. இந்நகரங்களுட் பெரியனவும் அடங்குவதால், மாநில மக்களுள் ஏறக்குறையச் சரிபாதியினர் இவ்வரியைச் செலுத்துவோராவர். வரிவீதம் நகருக்கு நகர் வேறுபடும். 1 வீதத்திலிருந்து 10 வீதத்துக்கு மேலாகவும் அது விரிந்து செல்லும். ஒக்லண்ட் நகரில் 7.5 வீதம். லொஸ் ஏஞ்சலிஸ் மாநகரில் வீட்டு மின்சாரத்துக்கு 10 வீதம், வர்த்தக நிலையங்களின் மின்சாரத்துக்கு 12.5 வீதம், தொலைத்தொடர்புக்கு 9 வீதம்.

வரியை அறவிடுபவர் நகரசபையின் இறைவசூலிப்போர் அல்லர். மின்சாரக் கம்பனியும் தொலைபேசிக் கம்பனியும் தம் கட்டணச் சிட்டையிலே இன்னொரு வரியாக இவ்வரியையும் சேர்த்து அறவிட்டு, நகரசபையிடம் ஒப்படைக்கின்றன. ஆதனவரியைப்போல ஆண்டில் ஓரிருமுறை பெருந்தொகையாக வந்து மனத்தை உறுத்தாமல், மாதந்தோறும் சிறுதொகையாகக் கரைந்து செல்வது இதன் பண்பு. இறை என்னுஞ் சொல் எம் மொழியில் அரசனையும் வரியையும் ஒருங்கே குறிக்கும். இங்கோ இறை கண்ணுக்குப் புலப்படாமலே வந்து போகின்றது.

இதன் வர்க்கப் பண்பை அறிய ஒரு சிறு கணக்குப் போதும். இரு குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் மாத வருமானம் 3,000 டொலர். மற்றதன் வருமானம் 30,000 டொலர். முதற் குடும்பம் மின்சாரம், வாயு, தொலைபேசி ஆகியவற்றுக்கு மாதம் 300 டொலர் செலவிடுகின்றது எனக் கொண்டால், 10 வீத வரி 30 டொலராகும். அது வருமானத்தின் நூற்றிலொரு பங்கு. இரண்டாங் குடும்பம் அதனைப்போல மும்மடங்கு பாவித்தாலும் அது செலுத்தும் வரி 90 டொலர். வருமானத்தின் ஆயிரத்தில் மூன்று பங்குதான். வருமானம் பத்து மடங்காவதனால் ஒருவன் பத்து மடங்கு விளக்கு ஏற்றுவதில்லை. அத்தியாவசியப் பொருளின்மீது விதிக்கப்படும் வரி எப்பொழுதும் ஏழையின் தோளையே கூடுதலாக அழுத்தும் என்பதற்குப் பழைய பிரான்சின் உப்புவரி தொடக்கம் எத்தனையோ சான்றுகள் உள. அவ்வுப்புவரியைப் பிரெஞ்சுப் புரட்சி 1790இல் ஒழித்தது. புதிய உலகின் நகரங்களோ அதே தத்துவத்தை மின்கம்பி வழியாக மீண்டும் கொண்டுவந்தன.

நிலத்தின் மதிப்பை ஆக்கியவர் யார்?

வேறு வழி தெரியாமையால் இவ்வாறு நேர்ந்தது என்று கூறுதற்கில்லை. நில வரியைப்பற்றி உலகெங்கும் பேசப்பட்ட ஒரு நூல் கலிபோர்னியாவிலேதான் எழுதப்பட்டது. அச்சுக்கோப்பவராகவும் பத்திரிகையாளராகவும் சான்பிரான்சிஸ்கோவில் வாழ்ந்த ஹென்றி ஜோர்ஜ், 1879இல் ‘முன்னேற்றமும் வறுமையும்’ என்னும் நூலை வெளியிட்டார். புகையிரதப் பாதை வந்தது; நகரங்கள் பெருகின; நிலத்தின் விலை ஏறிற்று; ஆயினும் உழைப்பவனின் வறுமை நீங்கவில்லை. ஏன் என்று அவர் வினவினார். ஒரு துண்டு நிலத்தின் விலை உயர்வது அதன் சொந்தக்காரனின் உழைப்பினாலன்று. சுற்றி வாழும் சமுதாயம் முழுவதினதும் உழைப்பினாலேயே உயர்கின்றது. ஆகவே அவ்வுயர்வு சமுதாயத்துக்கே உரியது. அதனை வரியாகப் பெற்றுப் பொதுப்பணிகளை நடத்தலாம் என்பது அவரது முடிபு.

ஜோர்ஜ் சோஷலிசவாதி அல்லர். மூலதனத்தின் சுரண்டலை அவர் தொடாது விட்டார் என்பதனாலேயே மார்க்ஸ் 1881இல் எழுதிய கடிதமொன்றில் அவரது கோட்பாட்டைக் கடுமையாக விமர்சித்தார். அவ்விமர்சனம் பொருத்தமானதே. எனினும், நகரத்தின் செல்வம் எங்கே குவிகின்றது என்பதை ஜோர்ஜ் சரியாகச் சுட்டிக்காட்டினார் என்பதை நாம் மறுத்தற்கில்லை. அவர் கருத்து ஏட்டளவில் நின்றுவிடவுமில்லை. 1909இல் கலிபோர்னியாச் சட்டமன்றம் இயற்றிய சட்டமொன்று, புதிய நீர்ப்பாசன மாவட்டங்கள் தம் செலவை நிலத்தின் மதிப்பின்மீது மாத்திரம் வரியிட்டுப் பெற வகைசெய்தது. நிலத்திலே வீடு கட்டியவனும் மரம் நட்டவனும் அதற்காக மேலதிக வரி செலுத்த வேண்டியதில்லை; தரிசாகப் போட்டு விலையேற்றம் பார்த்திருந்தவன் அயலவனுக்குச் சமமாகச் செலுத்தவேண்டும்.

இதே காலப்பகுதியில் இன்னொரு முக்கியமான நிகழ்ச்சியும் இடம்பெற்றது. 1910ஆம் ஆண்டு நவெம்பரில் நிறைவேறிய அரசியல் யாப்புத் திருத்தத்தின்படி, புகையிரதம், எரிவாயு, மின்சாரம், தொலைபேசி, தந்தி ஆகிய கம்பனிகளின் மொத்த வரவின்மீது மாநில அரசு வரி விதித்தது. அதற்கு ஈடாக அக்கம்பனிகளின் தொழிற்பாட்டு ஆதனங்கள் உள்ளூர் வரியினின்றும் விலக்கப்பட்டன. ஆதலால் இது கலப்பற்ற முற்போக்கு நடவடிக்கை என்று போற்றுதற்கில்லை. கம்பனி தன்மீது விழும் வரியைக் கட்டணத்தில் ஏற்றிவிட முயலும் என்பதும் உண்மையே. ஆயினும் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தினால் பொதுப்பயன் கம்பனிகளின் கட்டணங்கள் அரசாங்க ஆணைக்குழுவொன்றின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. கம்பனியின் வரவுக்கு வரி, கம்பனியின் கட்டணத்துக்குக் கட்டுப்பாடு என்பதே அன்றைய சூத்திரம். இந்த வரிமுறையை 1933ஆம் ஆண்டுத் திருத்தம் முடிவுக்குக் கொண்டுவந்தது. பொருளாதார மந்தத்தின் நடுவே அதே ஆண்டில் மாநில விற்பனை வரி வந்து சேர்ந்தது. கம்பனியின் பேரேட்டிலிருந்து கடைக்குச் செல்பவனின் சட்டைப்பைக்கு வரியின் குறி மாறத் தொடங்கியது அப்பொழுதுதான்.

1911ஆம் ஆண்டு பிறிதொரு வகையிலும் நினைவுகூரத்தக்கது. சதர்ன் பசிபிக் என்னும் புகையிரதக் கம்பனி மாநிலத்தின் அரசியலைத் தன் கைக்குள் வைத்திருந்தது. பிராங்க் நொரிஸ் 1901இல் எழுதிய ‘ஒக்டோபஸ்’ என்னும் நாவல் கோதுமை விளைவிப்போரை நெரித்த அக்கம்பனியையே கருவாகக் கொண்டது. இப்பிடியை உடைப்பதாக உறுதி கூறி ஆளுநர் பதவிக்கு வந்த ஹைரம் ஜோன்சனின் காலத்தில், சட்டமன்றத்தை நாடாமல் மக்களே கையொப்பந் திரட்டிச் சட்டப் பிரேரணையை வாக்கெடுப்புக்கு விடும் உரிமை யாப்பில் எழுதப்பட்டது. கம்பனிகளுக்கு எதிராக மக்கள் கையில் கொடுக்கப்பட்ட வாள் அது. அறுபத்தேழு ஆண்டுகளின் பின்னர் அதே வாள் எத்திசையில் வீசப்பட்டது என்பதை இனி நோக்குவோம்.

1978: ஒரு கோபமும் அதன் அறுவடையும்

இரண்டாம் உலக யுத்தத்தின் பின் நகரங்களின் முதுகெலும்பாக இருந்தது ஆதனவரி. நம்மவர் சோலைவரி என வழங்குவது. வீட்டையும் கட்டடத்தையும் மதிப்பிட்டு அதன்மேல் விதிக்கப்படும் வரி அது. மதிப்பீட்டாளர்கள் தம் விருப்பப்படி ஒருவருக்குக் கூட்டியும் மற்றொருவருக்குக் குறைத்தும் மதிப்பிட்டு வந்தனர். 1960களின் நடுப்பகுதியில் சான்பிரான்சிஸ்கோவில் இலஞ்ச ஊழல் அம்பலமாயிற்று. அதன் விளைவாக 1966இல் நிறைவேறிய சட்டம், எல்லா ஆதனங்களையும் சந்தை விலையின் 25 வீதத்தில் ஒரே சீராக மதிப்பிடுமாறு பணித்தது. சீர்திருத்தம் நேர்மையானதே. ஆனால், அதுவரை மதிப்பீட்டாளர்களின் தயவினால் வீட்டுக்காரர் பெற்றுவந்த மறைமுகச் சலுகை அத்துடன் ஒழிந்தது. அதன் பின்னர் 1970களில் வீட்டு விலைகள் வேகமாக உயர்ந்தன. விலை உயர, மதிப்பு உயர, வரியும் உயர்ந்தது. ஓய்வூதியத்தில் வாழ்ந்த முதியவர், தாம் விற்க நினையாத வீட்டின் விலை ஏறிய ஒரே காரணத்தினால், தாங்கொணாத வரியைச் செலுத்த வேண்டியவராயினர். இதே வேளையில் மாநிலத் திறைசேரியிலோ ஏறத்தாழ 500 கோடி டொலர் மேலதிகமாகக் குவிந்து கிடந்தது. ஆட்சியாளர் காலத்தோடு நிவாரணம் வழங்கத் தவறினர்.

மக்களின் கோபம் நியாயமானது. அதனை முதலில் ஒப்புக்கொள்ளாமல் பின்னர் நடந்ததை விளங்கிக்கொள்ள முடியாது. ஆனால் அக்கோபத்தை அறுவடை செய்தவர் யார்? ஹவார்ட் ஜார்விஸ், போல் கான் ஆகிய இருவரும் கையொப்பந் திரட்டி 13ஆம் இலக்கப் பிரேரணையைக் கொணர்ந்தனர். ஜார்விஸ் லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியின் வாடகைக் குடியிருப்புச் சொந்தக்காரர் சங்கத்திலே பதவி வகித்தவர் என்பது மனங்கொள்ளத்தக்கது. 1978ஆம் ஆண்டு யூன் 6ஆந் திகதி நடைபெற்ற வாக்கெடுப்பில் ஏறத்தாழ 65 வீத ஆதரவுடன் அப்பிரேரணை வெற்றியீட்டிற்று.

அதன் விதிகள் எளியன. ஆதனவரி மதிப்பில் 1 வீதத்துக்கு மேற்படலாகாது. மதிப்பு 1975ஆம் ஆண்டின் நிலைக்குப் பின்தள்ளப்படும். ஆதனம் கைமாறும் வரையில் அம்மதிப்பு ஆண்டுக்கு 2 வீதத்துக்கு மேல் உயரலாகாது. மாநில வரியைக் கூட்டுவதற்குச் சட்டமன்றத்தில் மூன்றிலிரண்டு பங்கினர் ஆதரவு வேண்டும். உள்ளூரில் விசேட வரி விதிப்பதற்கு வாக்காளரில் மூன்றிலிரண்டு பங்கினர் இசைவு வேண்டும். ஒரே இரவில் உள்ளூராட்சிகளின் ஆதனவரி வருமானம் பாதிக்கு மேல் வீழ்ந்தது. அவ்வாண்டுக் கோடைகாலப் பள்ளி வகுப்புகள் பெரும்பாலும் கைவிடப்பட்டன. நூல்நிலையங்கள் நேரத்தைச் சுருக்கின.

வெற்றியின் கனியைச் சுவைத்தவர் யார்? முதியவர் தம் வீட்டைக் காத்துக்கொண்டார் என்பது உண்மை. ஆயின் பிரேரணை வீட்டுக்கும் வாணிபக் கட்டடத்துக்கும் வேறுபாடு காட்டவில்லை. பெரும் நிலச் சொந்தக்காரரும் எண்ணெய்க் கம்பனிகளும் மின்சார, தொலைபேசிக் கம்பனிகளும் அதே சலுகையைப் பெற்றன. வீடு சில ஆண்டுகளுக்கொருமுறை விற்கப்பட்டுப் புது மதிப்பைப் பெறும். கம்பனியோ சாவதில்லை, அதன் நிலம் எளிதில் கைமாறுவதுமில்லை. பங்குகள் சிறிது சிறிதாகக் கைமாறினும் நிலம் கைமாறியதாகக் கணக்கில் வருவதில்லை. ஆகவே காலஞ் செல்லச் செல்ல வரிச் சுமை பழைய நிலச் சொந்தக்காரரிடமிருந்து புதிதாக வீடு வாங்கும் இளங் குடும்பங்களின்மீது சரிந்தது. ஒரே தெருவில், ஒரே மாதிரியான இரு வீடுகளுள் ஒன்று மற்றதைப்போலப் பன்மடங்கு வரி செலுத்தும் விநோதம் தோன்றிற்று. 1992இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றமும் இவ்வேறுபாடு யாப்புக்கு முரணன்று எனத் தீர்ப்பளித்தது.

வாடகைக் குடியினர் கதை வேறு. வரி குறைந்தால் வாடகையும் குறையும் என்று அவர்களுக்கு நம்பிக்கை ஊட்டப்பட்டிருந்தது. வரி குறைந்தது; வாடகை குறையவில்லை. ஏமாற்றமடைந்த சான்டா மொனிக்கா நகர வாடகைக் குடியினர் 1979ஆம் ஆண்டு ஏப்ரிலில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைத் தம் வாக்கினாலேயே நிறைவேற்றினர். மக்கள் அனுபவத்தினின்றும் கற்றுக்கொள்வர் என்பதற்கு இஃதொரு சான்று.

வெற்றிடத்தை நிரப்பிய வரி

ஆதனவரியின் கதவு அடைபட்டதும் நகரசபைகள் வேறு கதவுகளைத் தட்டின. விற்பனை வரியில் நகரத்துக்கு ஒரு பங்கு உண்டாகையால், வீடுகளைக் கட்டுவதைக் காட்டிலும் பெருங் கடைத்தொகுதிகளை வரவழைப்பதில் நகரங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டன. வீட்டுத் தட்டுப்பாட்டின் வேர்களுள் ஒன்று இங்கேயுள்ளது. இன்னொரு கதவே பாவனையாளர் வரி. லொஸ் ஏஞ்சலிஸ் போன்ற தனிச் சாசனம் பெற்ற நகரங்கள் 1960களின் பிற்பகுதி தொடக்கம் இதனை அறிந்திருந்தன. 1982இல் மாநிலச் சட்டமொன்று, சாசனம் பெறாத சாதாரண நகரங்களுக்கும் அவ்வதிகாரத்தை வழங்கியது. அதே ஆண்டில் மாநில உயர் நீதிமன்றம், நகரத்தின் பொது நிதிக்குச் செல்லும் வரி விசேட வரியன்று என்றும், அதற்கு மூன்றிலிரண்டு பங்கு வாக்கு வேண்டியதில்லை என்றும் தீர்ப்பளித்தது. 1992, 1993ஆம் ஆண்டுகளின் நெருக்கடியில் மாநில அரசு நகரங்களின் எஞ்சிய ஆதனவரியிலும் ஒரு பகுதியைப் பாடசாலைகளின் கணக்குக்கு மாற்றியபோது, பல நகரங்கள் மின்சாரத்தின்மீதும் தொலைபேசியின்மீதும் வரியை விதித்தும் கூட்டியும் தப்பிப் பிழைத்தன. மாநிலம் நகரத்தின் பையில் கைவைத்தது. நகரம் பாவனையாளனின் பையில் கைவைத்தது.

இதனையும் வரி எதிர்ப்பு இயக்கத்தினர் விட்டுவைக்கவில்லை. 1986இல் ஜார்விஸ் காலமான சில மாதங்களின் பின் நிறைவேறிய 62ஆம் இலக்கப் பிரேரணை, பொது வரிக்கும் வாக்காளரிற் பெரும்பான்மையினரின் இசைவு வேண்டுமென்றது. கீழ் நீதிமன்றங்களில் அது பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்து, 1995இல் மாநில உயர் நீதிமன்றத்தினால் உயிர்பெற்றது. 1996 நவெம்பரில் 218ஆம் இலக்கப் பிரேரணை 56 வீதத்துக்கு மேற்பட்ட வாக்குகளால் அதே விதியை அரசியல் யாப்பிலேயே பொறித்தது. 1992இல் வாக்கெடுப்பின்றிப் பாவனையாளர் வரி விதித்த லா ஹாப்ரா என்னும் நகரத்துக்கு எதிரான வழக்கில், வரி அறவிடப்படும் ஒவ்வொரு தடவையும் புதிய சட்டமீறலேயாகும் என 2001இல் தீர்ப்பு வந்தது.

சில ஆண்டுகளுக்கொருமுறை வாக்காளரின் வாசலில் வந்து நிற்கும் புதுப்பித்தல் வினாவின் பிறப்பு இதுவே. நிரந்தர வரிக்கு மக்கள் இசையமாட்டார் என அஞ்சிய நகரசபைகள், ஐந்தாண்டு, பத்தாண்டு என வரிக்கு ஆயுளெல்லை குறித்தன. எல்லை வந்ததும் மீண்டும் வாக்கெடுப்பு. இதற்குள் இன்னொரு முரண்பாடும் உண்டு. தீயணைப்புக்கே செலவிடப்படும் என்று சட்டத்தில் எழுதினால் அது விசேட வரியாகிவிடும். மூன்றிலிரண்டு பங்கு வாக்கு வேண்டும். எதற்கென்று எழுதாமல் பொது நிதிக்கு என்றால் பெரும்பான்மை போதும். ஆகவே நகரசபை, எதற்குச் செலவிடுவோம் என்று உறுதிபட எழுதிக் கொடுத்தால் தோற்கக்கூடும். எழுதிக் கொடாவிட்டால் வெல்லக்கூடும். வாக்காளனுக்கு உண்மையான வாக்குறுதி அளிப்பவனைத் தண்டிக்கும் சட்டம் இது.

தொலைபேசி வரியின் கதை இன்னும் சுவையானது. 1898இல் ஸ்பெயினுடன் நிகழ்ந்த யுத்தத்துக்காக மத்திய அரசு தொலைபேசியின்மீது வரி விதித்தது. அக்காலத்தில் அது செல்வரின் கருவி. பல தடவை ஒழிக்கப்பட்டும் புதுப்பிக்கப்பட்டும் அவ்வரி நூறாண்டைக் கடந்து நின்றது. நீதிமன்றங்களில் தொடர்ந்து தோற்றதனால் 2006இல் மத்திய அரசு தொலைதூர அழைப்புக்கு அதனை அறவிடுவதைக் கைவிட்டது. கலிபோர்னிய நகரங்கள் பலவற்றின் வரிச்சட்டம் அம்மத்தியச் சட்டத்தின் வரைவிலக்கணத்தையே தழுவி எழுதப்பட்டிருந்தமையால், அவற்றின் அத்திவாரமும் ஆடிற்று. லொஸ் ஏஞ்சலிஸ் 2008 பெப்ருவரியில் வாக்கெடுப்பு நடத்தி, வீதத்தை 10இலிருந்து 9ஆகக் குறைத்து, புதிய தொழில்நுட்பங்களையும் உள்ளடக்கித் தன் வரியைக் காத்துக்கொண்டது. பழைய அறவீட்டுக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கோ 9 கோடியே 25 இலட்சம் டொலர் இணக்கத்தில் முடிவுற்றது. இணையத் தொடர்புக் கட்டணத்தின்மீது வரி விதிக்கலாகாது என 1998இல் தற்காலிகமாக இயற்றப்பட்ட மத்தியச் சட்டம் 2016இல் நிரந்தரமாக்கப்பட்டது. மக்கள் தொலைபேசிக் கம்பியை விட்டு இணையத்துக்கு மாற மாற, வரியின் இப்பகுதி தேய்கின்றது. சுமை மின்சாரத்தின்மீதும் தண்ணீரின்மீதும் கூடுகின்றது. அவற்றிலுங்கூட, சொந்தக் கூரையில் சூரியத் தகடு பொருத்த வசதியுள்ளவன் தன் சிட்டையைச் சுருக்கிக்கொள்வான்; வாடகைக் குடியிருப்பில் வாழும் தொழிலாளிக்கு அவ்வழியும் இல்லை.

நாம் எப்பக்கம் நிற்பது?

இங்கேதான் முற்போக்காளரின் முன் ஒரு கடினமான வினா எழுகின்றது. பாவனையாளர் வரி பிற்போக்கானது, ஏழையை வருத்துவது. அவ்வாறாயின் அதனைப் புதுப்பிக்க வேண்டாமென்று வாக்களிப்பதுதானே முறை? லோங் பீச் நகர வாக்காளர் 2000ஆம் ஆண்டில் தம் நகரின் வரியை 10 வீதத்திலிருந்து ஐந்தாண்டுகளில் 5 வீதமாகக் குறைத்தனரே? என்று சிலர் வினவலாம்.

இவ்வாதம் பாதி உண்மை மாத்திரமே. வரி எவரிடமிருந்து பெறப்படுகின்றது என்பது ஒரு வினா. அது எவருக்குச் செலவாகின்றது என்பது மற்றொரு வினா. நூல்நிலையம் மூடப்படுமாயின் செல்வன் புத்தகத்தை விலைக்கு வாங்குவான். தொழிலாளியின் பிள்ளைக்கு அது நட்டம். பூங்கா பாழடைந்தால் தனிவீட்டுத் தோட்டமுடையோனுக்கு இழப்பில்லை. 2008இல் வலேஹோ நகரம் வங்குறோத்தானபோது தீயணைப்பு நிலையங்களுட் சில மூடப்பட்டன. 2012இல் ஸ்டொக்டன், சான் பெர்னார்டினோ ஆகிய நகரங்களும் அதே கதியை அடைந்தன. இவை செல்வர் வாழும் நகரங்களல்ல. பிற்போக்கான வரியை ஒழித்து அதனிடத்தில் ஒன்றும் வையாது விடுவது, ஏழையின் ஒரு கையில் சில டொலரைக் கொடுத்து மறு கையிலிருந்து அதனினும் பெறுமதியானதைப் பறிப்பதாகும். வரியையே ஒழி என்று முழங்குவோர் விரும்புவதும் இதுவே.

அதே வேளையில், நகரசபை கேட்டதெல்லாம் கொடுப்பது முற்போக்கு என எண்ணுவதும் பிழை. மக்களின் ஐயம் காரணமற்றதன்று. லொஸ் ஏஞ்சலிசுக்கு அண்மையில் பெல் என்ற சிற்றூர் உள்ளது. ஏறத்தாழ 35,000 மக்கள், பெரும்பாலும் உழைக்குங் குடியேறிகள். அவ்வூரின் நிருவாகி ஆண்டுக்கு ஏறத்தாழ 8 இலட்சம் டொலர் சம்பளம் பெற்றுவந்தமை 2010இல் பத்திரிகை வாயிலாக அம்பலமாயிற்று. சபையினரின் சம்பளத்துக்கு வரம்பிட்ட மாநிலச் சட்டத்தினின்றும் விலகுவதற்கு வழிசெய்த சாசனம், 2005இல் நானூறுக்கும் குறைவானோர் வாக்களித்த விசேட தேர்தலொன்றில் நிறைவேறியிருந்தது. மக்கள் உறங்கினால் மக்களின் வரி எங்கே செல்லும் என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டியதில்லை. இதனாலேயே, வரிக்கு ஆயுளெல்லை விதித்து மீண்டும் மக்களிடம் வருமாறு செய்யும் ஏற்பாட்டை நாம் முற்றாக இகழ்தல் தகாது. கணக்குக் கேட்கும் சந்தர்ப்பம் அது.

ஆனால் கணக்குக் கேட்கும் உரிமை எவரிடம் உள்ளது என்பதையும் நோக்குதல் வேண்டும். கட்டணச் சிட்டை பிரசாவுரிமை பார்ப்பதில்லை. தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் உழைக்கும் பிரசாவுரிமையற்ற குடியேறியும் இவ்வரியைச் செலுத்துகின்றான். புதுப்பிப்பதா விடுப்பதா என்ற வாக்கெடுப்பில் அவனுக்கு இடமில்லை.

ஆகவே வினாவைச் சரியாக அமைத்துக்கொள்வது முதற்கடமை. ஆம் அல்லது இல்லை என்ற இரண்டினுள் எம்மை அடைக்கும் வாக்குச்சீட்டு, மூன்றாவது வினாவை மறைத்துவிடுகின்றது. விளக்கின்மீது ஏன், நிலத்தின்மீது ஏன் இல்லை என்பதே அம்மூன்றாவது வினா. அதனைக் கேட்கக் கலிபோர்னியர் ஒருமுறை முயன்றனர். 2020 நவெம்பரில் 15ஆம் இலக்கப் பிரேரணை, வீடுகளை விடுத்து, 30 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட வாணிப ஆதனங்களை மாத்திரம் சந்தை விலையில் மதிப்பிட வேண்டுமென்றது. அதனால் ஆண்டுதோறும் 650 கோடி முதல் 1,150 கோடி டொலர் வரை கிடைக்குமென மாநிலச் சட்டமன்ற ஆய்வாளர் அலுவலகம் மதிப்பிட்டது. 52க்கு 48 என்ற வீதத்தில் அது தோற்றது. 1978இல் மூன்றிலொரு பங்கினரே 13ஆம் இலக்கப் பிரேரணையை எதிர்த்தனர். 2020இல் அதன் வாணிபச் சலுகையை ஒழிக்க ஏறக்குறைய அரைவாசிப்பேர் வாக்களித்தனர். தோல்வியேயாயினும் இது சிறிய மாற்றமன்று.

அந்நாள் வருமளவும் செய்யக்கூடியனவும் உள. சான்பிரான்சிஸ்கோ மாநகரம் வீட்டு மின்சாரத்துக்கும் வாயுவுக்கும் இவ்வரியை விதிப்பதில்லை. வர்த்தக நிலையங்களே அவற்றுக்குச் செலுத்துகின்றன. லொஸ் ஏஞ்சலிஸ், வருமானங் குறைந்த முதியோருக்கும் அங்கவீனருக்கும் விலக்களிக்கின்றது. வங்குறோத்தினின்றும் மீண்ட வலேஹோவில், 2011இல் குறுகிய பெரும்பான்மையால் மக்கள் இசைந்த விற்பனை வரியின் ஒரு பகுதியை எதற்குச் செலவிடுவதென்று 2012 தொடக்கம் மக்களே கூடித் தீர்மானிக்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. அடிப்படைப் பாவனைக்கு விலக்கு, பெரும் பாவனைக்குக் கூடிய வீதம், செலவில் மக்கள் பங்கு ஆகிய மூன்றையும் நிபந்தனையாக வைத்துப் புதுப்பித்தலை ஆதரிப்பதே உழைப்போர் பக்கம் நிற்பவர்க்குப் பொருத்தமான நிலை என்பது எமது துணிபு.

வரி என்பது கணக்காளர் விவகாரம் என்று ஒதுக்கிவிடும் மனோபாவம் எம்மிடையே, குறிப்பாகக் கல்வி கற்பிப்போரிடையே, உண்டு. யுத்தங்களின் ஆண்டுகளை மனனஞ் செய்விக்கும் நாம், வரிகள் எவர் தோளிலிருந்து எவர் தோளுக்கு மாற்றப்பட்டன என்பதை மாணவர்க்குக் கூறுவதில்லை. 1910இல் கம்பனியின் வரவின்மீது இருந்த வரி, அந்த நூற்றாண்டின் முடிவுக்குள் குடிசையின் விளக்கின்மீது வந்து அமர்ந்தது. இடையில் ஒவ்வொரு படியிலும் நிகழ்ந்தது மனிதரின் தீர்மானமே. பெரும்பாலும் வாக்கெடுப்பினாலேயே அது நிகழ்ந்தது. வாக்கினால் ஆனதை வாக்கினால் மாற்றவும் கூடும். அதற்கு முதலில், கட்டணச் சிட்டையின் அடியிலுள்ள அந்தச் சிறிய வரியை வாசிக்கக் கற்பித்தல் வேண்டும்.